துண்டு துண்டாக ஒரு துன்பியல்

லண்டனின் ஹாரோவில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்குப் பதினைந்து வயது. வரும் மே மாதம் ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதவிருக்கிறாள். சென்ற மாதம் காணொலி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆங்கில இலக்கியத் தேர்வுக்காகத் தான் தயாரித்து வைத்திருந்த அட்டைக் கட்டு ஒன்றைக் காட்டினாள். மஞ்சள் அட்டைகள் பேராசைக்கு, பச்சை அட்டைகள் குற்ற உணர்வுக்கு, ஊதா அட்டைகள் சூனியக்காரிகளுக்கு. ஒவ்வோர் அட்டையின் முகப்பிலும் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்திலிருந்து ஒரு மேற்கோள். பின்புறத்தில் அதிலுள்ள அணியின் பெயரும், தேர்வில் அதை ஒட்டி எழுத வேண்டிய ஒரு வாக்கியமும். மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்ட அட்டைகள். ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பித்தாள்.

மகிழ்ச்சியோடு ஒரு கேள்வி கேட்டேன். மேக்பெத் அந்த அரசனைக் கொல்லாமல் இருந்திருக்க முடியுமா? சற்று யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: “அது எந்தத் தீம்ல வரும் மாமா?”

சிரித்துவிட்டேன். அழைப்பு முடிந்த பிறகு அந்தப் பதில் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. அவள் மந்தமான மாணவி அல்லள். அவளுடைய ஆசிரியை அக்கறையற்றவர் என்பதற்கும் எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. ஒரு துன்பியல் நாடகத்தை இரண்டு ஆண்டுகள் படித்த ஒருத்திக்கு, அந்த நாடகத்தின் மையக் கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வியாகத் தோன்றியது எப்படி என்பதுதான் யோசிக்க வேண்டியது. இங்கிலாந்து தன் பாடத்திட்டத்தை மறுவரைவு செய்துகொண்டிருக்கும் வேளையில் இதைக் கேட்பது பொருத்தமற்றதாக இராது.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த உடனே தொழிலாளர் கட்சி அரசு, பேராசிரியர் பெக்கி பிரான்சிஸ் தலைமையில் பாடத்திட்ட, மதிப்பீட்டு ஆய்வுக் குழுவை அமைத்தது. 2025 நவம்பரில் அதன் இறுதி அறிக்கை வெளியானது. பதினாறு வயது மாணவர்கள் தேர்வறையில் செலவிடும் நேரத்தைப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைக்கலாம் என்பது பரவலாகப் பேசப்பட்ட பரிந்துரை. புதிய பாடத்திட்டம் 2028 செப்டம்பரில் வகுப்பறைக்கு வரவிருக்கிறது. ஷேக்ஸ்பியர் வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய சண்டை இம்முறை பெரிதாக மூளவில்லை. அவருடைய இடம் அந்த அளவுக்கு உறுதியானது. கொரோனா காலத்தில், 2021ஆம் ஆண்டுத் தேர்வுக்காகப் பாடச் சுமையைக் குறைத்தபோது, கவிதையையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலையோ நவீனப் படைப்பையோ ஏதேனும் ஒன்றை விட்டுவிடலாம் என்று தேர்வு ஒழுங்காற்று அமைப்பு அனுமதித்தது. விட முடியாதது ஷேக்ஸ்பியர் ஒருவர் மட்டுமே.

ஷேக்ஸ்பியர் இருக்கிறாரா என்பதில், ஆகவே, ஐயமில்லை. எந்த வடிவில் இருக்கிறார் என்பதே கேள்வி.

2015இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி மாணவர் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். ஆனால், தேர்வறைக்குள் புத்தகம் கூடாது. பெரிய தேர்வு வாரியமான ஏ.க்யூ.ஏ.வின் தாளில், நாடகத்திலிருந்து ஒரு பகுதி அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து தொடங்கி நாடகம் முழுவதையும் தழுவி எழுத வேண்டும். முப்பது மதிப்பெண், எழுத்துப் பிழையின்மைக்கு இன்னும் நான்கு. ஒரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடத் தாளில் ஏறத்தாழப் பாதி நேரம் இதற்கு. வாரியம் தரும் ஆறு நாடகங்களில் பள்ளிகள் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பது ‘மேக்பெத்’. அதற்கு அடுத்தது ‘ரோமியோவும் ஜூலியட்டும்’. முன்னதைத் தேர்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது அது. சுமார் 2,100 வரிகள். ‘ஹாம்லெட்’ ஏறக்குறைய இதைப்போல இருமடங்கு.

காகிதத்தில் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் குறை காண்பது கடினம். முழு நாடகத்தையும் படிக்கச் சொல்கிறது. சொந்தமாகச் சிந்திக்கச் சொல்கிறது. ஆனால், புத்தகம் இல்லாத அறையில் ‘முழு நாடகம்’ என்பது நினைவில் நிற்கும் மேற்கோள்களின் தொகையாக மாறிவிடுகிறது. எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்தக்கூடிய மேற்கோள்கள் எவை என்று பள்ளிகள் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கு அட்டைகளாகிறது. யூடியூபிலும் டிக்டாக்கிலும் உயர் மதிப்பெண்ணுக்கான மாதிரிப் பத்திகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதி, சூனியத்தைப் பற்றி நூல் எழுதிய முதலாம் ஜேம்ஸ் மன்னர் என்ற வரலாற்றுப் பின்னணி வாக்கியம் ஒன்று, நாடெங்கும் உள்ள விடைத்தாள்களில் ஏறத்தாழ ஒரே உருவில் இடம்பெறும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பின்னணிக்கு மதிப்பெண் உண்டு. எனவே, அந்த வாக்கியம் உண்டு.

இதில் கழிந்துபோவது என்ன? நாடகத்தின் முதல் அங்கம், ஏழாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். அரசன் டங்கன் மேக்பெத்தின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறான். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே மேக்பெத் எழுந்து வெளியே வந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். தான் அவனுக்கு உறவினன், குடிமகன், இப்போது விருந்தளிப்பவன் என்று கொல்லக் கூடாததற்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். டங்கனின் நற்குணங்களையும் எண்ணிப்பார்க்கிறான். மனைவி வந்ததும், இந்த விஷயத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லியும் விடுகிறான். அதே காட்சி முடிவதற்குள், சில நிமிடங்களில், கொலைக்கு இசைந்துவிடுகிறான். வகுப்பில் இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று வாசித்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. சரி எது என்று தெளிவாகத் தெரிந்த மனிதன், தெரிந்துகொண்டே தவறை நோக்கி நடப்பதை அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணெதிரே பார்க்கலாம். அவன் ஏன் மாறினான்? மனைவியின் ஏளனமா, அவன் ஆண்மையைச் சீண்டியதா, காரியம் சுலபமாக முடியும் என்று அவள் காட்டிய திட்டமா, அல்லது இவையெல்லாம் வெறும் சாக்குதானா? பதினைந்து வயதுப் பிள்ளைகள் நண்பர்களின் ஏளனத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியங்களைப் பற்றி நமக்குத் தெரியாதது ஏதுமில்லை. அந்தக் காட்சி அவர்களுடையது.

அட்டையில் இது ‘பேராசை’ என்ற ஒற்றைச் சொல்லாகிறது. அதனுடன் ‘ஹமார்ட்டியா’ என்ற கிரேக்கச் சொல்லும் சேர்ந்துகொள்கிறது. நாயகனின் குணக்குறை என்று அதற்குப் பொருள் எழுதப்படுகிறது. அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் அச்சொல்லைப் பிழை, தவறான கணிப்பு என்ற பொருளில்தான் கையாண்டார் என்பது அறிஞர் பலரின் கருத்து. குணக்குறை என்று ஆக்கிவிட்டால் நாடகம் நீதிக்கதையாகச் சுருங்கிவிடும்: பேராசை பெருநஷ்டம், முடிந்தது பாடம். பிழை என்று கொண்டால், வாசிப்பவரும் அந்தப் பிழையைச் செய்யக்கூடியவரே என்ற அச்சம் எழும். துன்பியல் நாடகம் வேலை செய்வது அந்த அச்சத்தின் வழியாகத்தான்.

துண்டு துண்டாகக் கற்பிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேக்பெத் சீமாட்டியின் மாற்றம் தேர்வுக்கு மிகவும் உகந்த தலைப்பு. கொலை நடந்த இரவில் சிறிது தண்ணீர் போதும், கை கழுவிவிடலாம் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்தபடி கழுவிக் கழுவித் தீராத கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பகுதிகளை எடுத்து அருகருகே வைத்தால் ஒப்பீடு தயார். ஆனால், அவள் எதனால் அப்படி ஆனாள் என்பது இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. பாங்க்வோவைக் கொல்ல ஏற்பாடு செய்யும் மேக்பெத், அதை மனைவியிடம் மறைக்கிறான். முதல் கொலையை இருவரும் சேர்ந்து திட்டமிட்டார்கள். இரண்டாவது அவனுடையது மட்டும். அதன்பின் விருந்துக் காட்சியில் அவனைக் காப்பாற்றப் போராடுகிறாள். நான்காம் அங்கம் முழுவதிலும் அவள் மேடைக்கே வருவதில்லை. அந்தப் பெண் கைவிடப்பட்டவள் என்பதை, அவள் இல்லாத அந்த நீண்ட நேரத்தைக் கடந்து வந்த வாசகர்தான் உணர முடியும். இல்லாமையிலிருந்து மேற்கோள் எடுக்க வழியில்லை.

இதே கேள்வி அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறு உடையில் வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரை உள்ளடக்கிய ஹில்ஸ்பரோ மாவட்டப் பள்ளி நிர்வாகம் 2023 ஆகஸ்டில் ஒரு முடிவை அறிவித்தது: ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இனி முழுமையாக அல்ல, பகுதிகளாகவே வகுப்பில் பாடமாகும். பள்ளிகளில் பாலியல் தொடர்பான உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்கள் அப்போது விரிவாக்கப்பட்டிருந்தன. ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தை முழுமையாக நடத்தினால் ஆசிரியர்கள் சிக்கலில் மாட்டக்கூடும் என்ற தயக்கம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உலகெங்கும் கேலி எழுந்தது. மாநிலக் கல்வித் துறையோ, தாங்கள் ஷேக்ஸ்பியரைத் தடை செய்யவே இல்லை, அவருடைய நாடகங்கள் தங்களுடைய பரிந்துரைப் பட்டியலிலேயே இருக்கின்றன என்று மறுத்தது. அது உண்மையும்கூட. தடை விதித்தவர் எவருமில்லை. தடை மட்டும் தானே நிகழ்ந்தது. மங்கலாக எழுதப்பட்ட சட்டங்கள் எப்போதும் இப்படித்தான் செயல்படுகின்றன. தண்டிப்பதற்கு முன்பே பணியவைத்துவிடுகின்றன.

கேலி செய்தவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. நிர்வாகம் சொன்ன காரணங்களில் மற்றொன்று, மாநிலத்தின் புதிய தேர்வு முறை. பலவகைப் படைப்புகளோடு மாணவருக்குப் பரிச்சயம் வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. ஆகவே ஓரிரு நூல்கள் முழுமையாக, மற்றவை பகுதிகளாக என்று ஏற்பாடாயிற்று. சட்டத்தின் மீதான அச்சத்தைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. தேர்வின் மீதான அச்சத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். முன்னது கொடுங்கோன்மையின் சாயலில் இருந்தது. பின்னது வழக்கமான நிர்வாகக் காரியமாகத் தெரிந்தது. நாடகத்தின் நிலையில் இருந்து பார்த்தால் இரண்டு கத்தரிக்கோல்களும் ஒன்றே.

ஃபுளோரிடாவின் பெற்றோர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது; அதை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடுவது சரியன்று. பதினான்கு வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணும் அவளுடைய காதலனும் தற்கொலை செய்துகொள்ளும் நாடகத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பெற்றோர் அஞ்சும் காலம் இது. ஆனால், அந்த அச்சத்துக்குப் பகுதிவாசிப்பு மருந்தாகுமா? மாடக் காட்சியையும் கல்லறைக் காட்சியையும் மட்டும் வாசித்த பிள்ளைக்குக் கிடைப்பது காதலுக்காக உயிர்விடும் அழகு. முழுமையாக வாசித்தால் கிடைப்பது முற்றிலும் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனுக்குள் எல்லாம் முடிந்துபோகிறது என்ற அந்த வேகம். மகளின் மறுப்பைக் கேட்டதும் வெறிகொண்டு கத்தும் தந்தை. நேற்றுவரை ரோமியோவுக்கு ஆதரவாக இருந்து, இன்று வேறொருவனை மணந்துகொள் என்று சொல்லும் செவிலி. நல்லெண்ணத்தோடு ஆபத்தான திட்டம் தீட்டும் துறவி. உண்மையைச் சொல்லும் கடிதம் போய்ச் சேரவில்லை. காரணம், கொள்ளைநோய் ஐயத்தால் தூதர் ஒரு வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்டார். ஊரடங்கைக் கண்ட தலைமுறைக்கு இதற்கு உரை தேவையில்லை. அந்தப் பிள்ளைகளைச் சுற்றியிருந்த பெரியவர்கள் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகத் தவறுகிறார்கள். தன்னைக் கேட்க ஒருவராவது இருந்திருந்தால் ஜூலியட் பிழைத்திருப்பாள் என்பதை வகுப்பில் உரக்கப் பேசுவதுதான் பாதுகாப்பு. பெற்றோர் அஞ்ச வேண்டிய காட்சிகள், உண்மையில், பெற்றோர் வரும் காட்சிகள்.

மனப்பாடத்தை நான் குறைகூறுவதாக எண்ணிவிட வேண்டாம். ஈற்றடி மறந்தாலும் குறளின் முதலடியை மறவாத சமூகத்திலிருந்து வந்தவன் அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட செயல். நடிகனும் மனப்பாடம்தான் செய்கிறான். ஆனால், அவன் ஒரு பாத்திரத்தின் சொற்களை முதலிலிருந்து கடைசிவரை, எதிரில் நிற்பவருக்குப் பதிலாக, மனப்பாடம் செய்கிறான். சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்ய’னாகவும் ‘மேக்பெத்’தை ‘மகபதி’யாகவும் தமிழ்ப்படுத்தினார். அந்தச் சபையில் வேடம் கட்டியவர்களில் பலர் வழக்கறிஞர்கள், அரசு ஊழியர்கள். கல்லூரியில் ஷேக்ஸ்பியரைத் தேர்வுக்காகப் படித்துக் கரைத்தவர்கள். இருந்தும் மாலைவேளைகளில் ஒத்திகைக்குப் போனார்கள். தேர்வு அவர்களுக்குத் தராத ஏதோ ஒன்று மேடையில் இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2008இல் வெளியிட்ட அறிக்கை மூன்றே விஷயங்களைக் கேட்டது: நாடகத்தை எழுந்து நின்று நடித்துப் படிக்க வேண்டும், மேடையில் நேரில் பார்க்க வேண்டும், இளம் வயதிலேயே தொடங்க வேண்டும். தேம்ஸ் நதிக்கரையின் குளோப் அரங்கும் பள்ளி மாணவர்களுக்கென்றே நாடகங்களை நடத்திவருகிறது. ஆனால், இவையெல்லாம் ஆசிரியரின் ஆர்வத்தையும் பள்ளியின் வசதியையும் பொறுத்தவை. மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்பவை. நேரம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுபவையும் இவையே.

என்ன செய்யலாம்? பழையபடி வீட்டில் எழுதிவரும் கட்டுரைகளுக்குத் திரும்புவது இனி இயலாது; சாட்ஜிபிடி போன்ற கருவிகள் அந்தக் கதவை ஏறத்தாழ மூடிவிட்டன. தேர்வறை இருக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த அறைக்குள் குறிப்பெழுதாத ஒரு பிரதியை அனுமதிப்பதில் என்ன தடை? 2015க்கு முந்தைய ஏற்பாட்டில் சில தாள்களுக்கு அது அனுமதிக்கப்பட்டிருந்தது. புத்தகம் கையில் இருந்தால் மேற்கோள் ஒப்பிப்பதற்கு மதிப்பில்லாமல் போகும். நாடகம் முழுவதையும் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் வெளிப்படும். எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதே ஒரு சோதனை. தேர்வு நேரத்தைக் குறைக்கப் போவதாகச் சொல்பவர்கள், எஞ்சும் நேரத்தில் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் சுருங்கி, அட்டைகள் அப்படியே நீடித்தால், குறைந்தது காகிதச் செலவு மட்டும்தான்.

2022ஆம் ஆண்டு, பதினெட்டு வயதினர் எழுதும் ஏ-லெவல் தேர்வில் மாணவர்கள் அதிகம் விரும்பும் முதல் பத்துப் பாடங்களின் பட்டியலிலிருந்து ஆங்கில இலக்கியம் முதன்முறையாக வெளியேறியது. வேலைவாய்ப்பு, கட்டணக் கடன் என்று அதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். இருக்கலாம். பதினாறு வயதுவரை இலக்கியம் என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் அந்தக் காரணங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளை மீண்டும் அழைத்தேன். நான்காம் அங்கம், இரண்டாம் காட்சியை இருவரும் சேர்ந்து வாசிப்போம் என்றேன். மேக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டான்; அவன் மனைவியும் சிறுவனும் கோட்டையில் தனியே இருக்கிறார்கள். அவளுடைய வகுப்பில் அதை வேகமாகக் கடந்துவிட்டார்களாம். பகுதியாக வர வாய்ப்பு குறைவு என்பது மாணவர்களின் கணிப்பு. அவள் சிறுவனின் வரிகளை வாசித்தாள், நான் தாயின் வரிகளை. உறவினன் ராஸின் வரிகள் சொற்பம். அவற்றையும் நானே படித்தேன். சிறுவனின் குறும்புப் பேச்சுக்குச் சிரித்தபடியே வாசித்துக்கொண்டு வந்தவள், கொலையாளிகள் நுழைந்ததும் நிதானித்தாள். தான் குத்துண்டதாகச் சொல்லித் தாயை ஓடச் சொல்லும் கடைசி வரியை மெதுவாகப் படித்து முடித்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்தை முன்னே புரட்டுவது திரையில் தெரிந்தது.

“மாமா, அந்த ராஸ் இப்பதானே கிளம்பிப் போனான்? அவனுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்றேன். அடுத்த காட்சியில் அவன் மேக்டஃபைச் சந்திக்கிறான், மனைவி மக்கள் நலம் என்றுதான் முதலில் சொல்கிறான், படித்துப் பார் என்றேன்.

“பொய் சொல்றானா? ஏன்?” என்றவள், சற்று நிறுத்தி, “இது எக்ஸாம்ல வராதுல்ல?” என்று கேட்டாள்.

வராது என்றேன். அவள் அழைப்பைத் துண்டிக்காமலே அடுத்த பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.